சுமையைக் கை மாற்றாதவர்

அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. ரகசியம் ஒன்றும் இல்லை. தன் பையை, தன் குடையை, அறுந்துபோன தன் செருப்பைக்கூட அடுத்தவர் தூக்க விடாத மனிதர் அவர். பெயரை மட்டும் நான் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகத் திரிந்தால் சும்மா விடுவாரா? "ஏலே, அதை இறக்கி வையி" என்பார். ஆகவே கடைசி வரை அவர் மாமாதான். உறவெல்லாம் கிடையாது. ஆர்.எஸ்.மங்கலம் பக்கத்துக் கிராமத்திலிருந்து ராமநாதபுரத்தில் எங்கள் தெருவுக்குக் குடிவந்த அன்றே என்னை "மாப்ள" என்று கூப்பிட்டுவிட்டார். அதற்குமேல் நான் வேறு என்னவாக ஆகிவிட முடியும்?

அவரை நெருங்கிப் பழகியது நான் சாகப்போகிறேன் என்று நம்பிக்கொண்டிருந்த மாதங்களில். அப்படி நம்பியது நான் மட்டும்தான். வீட்டில் யாரும் நம்பவில்லை.

நான் கல்யாண வீடியோ எடுப்பவன். ஐம்பதைத் தாண்டியிருந்தேன். ஒரு நாள் மாப்பிள்ளையின் அப்பா கடைக்கு வந்து மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். "தாலி கட்டுறப்ப எம் மகன் வெடவெடன்னு நடுங்குறான். பொண்ணு வீட்டுல சிரிக்கிறாக. என்ன எடுத்தீக நீங்க?" போட்டுப் பார்த்தோம். மாப்பிள்ளை நடுங்கினான். ஐயர் நடுங்கினார். மண்டபத்துத் தூணும் நடுங்கியது. தூண் நடுங்க ஆரம்பித்த பிறகு மாப்பிள்ளை மேல் பழி போட வழியில்லை. நடுங்கியது கேமராவைப் பிடித்திருந்த என் கை.

அன்று மத்தியானமே கைபேசியில் தேடினேன். சாயங்காலத்துக்குள் எனக்கு ஏழெட்டு வியாதிகள் வந்துவிட்டன. அதில் ஒன்று குதிரைகளுக்கு மட்டும் வருவது என்று பிறகுதான் கவனித்தேன். அறிகுறி மட்டும் அத்தனையும் பொருந்தியது. டாக்டரிடம் ஓடினேன். அவர் கையைப் பிடித்து, மடக்கி, நீட்டச் சொல்லி, நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழச் சொல்லி, நான் எழுந்த அழகைப் பார்த்துவிட்டு, "வியாதி இல்லைங்க, வயசு. சும்மா உட்கார்ந்தே இருந்தா தசை கரையும். கனம் தூக்குங்க" என்றார். எனக்குப் பெரிய ஏமாற்றம். குதிரை வியாதியாக இருந்திருந்தால் மாத்திரையாவது கொடுத்திருப்பார்கள்.

அப்படித்தான் அந்த மாடி அறைக்குப் போனேன். கீழே பிசியோதெரபி பார்க்கும் இடம், மேலே உடற்பயிற்சி அறை. இரண்டையும் நடத்தியவர் கீழக்கரையைச் சேர்ந்த பிசியோ பெண். முப்பது, முப்பத்தைந்து வயதிருக்கும். தலையில் முக்காடு, கையில் நிற்காத கடிகாரம், வாயில் நிற்காத சிரிப்பு. கிழக்கு ஜன்னல் வழியாக வேப்பமரத்தைச் சல்லடையாக்கிக்கொண்டு வெயில் உள்ளே வரும். இரும்புக் குண்டுகள், ரப்பர் பட்டைகள், மணல் மூட்டைகள் எல்லாவற்றின் மேலும் இலை நிழல் அசைந்துகொண்டே இருக்கும். அங்கே கனம் தூக்குகிறவர்கள் எல்லாரும் தண்ணீருக்கடியில் தூக்குவதுபோல மெதுவாகத் தூக்குவார்கள். முதல் நாள் நான் வாசலில் நின்று பார்த்தபோது, இந்த உலகத்தில் யாருக்கும் எந்த அவசரமும் இல்லை என்று தோன்றியது.

அந்த நிழலுக்கு நடுவே, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பனியனோடு, ஒரு மணல் மூட்டையை மார்போடு அணைத்தபடி மாமா நின்றிருந்தார். எழுபதைத் தாண்டிய மனிதர்.

"என்னலே மாப்ள, நீயும் வந்துட்டியா? எத்தனை நாளு குடுத்துருக்கான் டாக்டரு?"

"மாமா, நான் சும்மா பாத்துட்டுப் போலாம்னு…"

"பாத்தாச்சுல்ல. அந்தப் பொடிக் குண்ட எடு. ஒனக்கு அது போதும்."

எங்கள் தெருவில் அவர் ஏற்கெனவே பிரபலம். கேஸ் சிலிண்டர் கொண்டுவரும் ஆளோடு மாதந்தோறும் அவருக்குச் சண்டை. சிலிண்டர் தாமதம் என்று ஊரே சண்டை போடும். இவர் போடுவது வேறு சண்டை. தெருமுனையிலேயே வண்டியை மறித்து, "இறக்கு, நாந் தூக்கிக்கிறேன்" என்பார். அந்த ஆள், "பெருசு, வீட்டுக்குள்ள கொண்டுவந்து வைக்கத்தான் எனக்குச் சம்பளம்" என்று கெஞ்சுவான். இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு நடுத்தெருவில் நிற்பார்கள். கடைசியில் மாமா தோளில் சிலிண்டரோடு முன்னால் போக, அந்த ஆள் வெறுங்கையோடு குற்றவாளி மாதிரிப் பின்னால் வருவான்.

ஊரிலிருந்து அரிசி வரும் நாள் இன்னும் வேடிக்கை. ஒருமுறை அதே பஸ்ஸில் நானும் வந்தேன். மாமா ஜன்னலோர இருக்கையில் அரிசி மூட்டையை மடியில் வைத்துக் கட்டிப்பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். மூட்டைக்குப் பின்னால் நெற்றியும் கண்ணும் மட்டும் தெரிந்தன. "அய்யா, அதைக் கீழ வைங்க, பஸ்ஸு தூக்கிட்டு வரும்" என்றார் கண்டக்டர். மாமா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "பஸ்ஸு என்னையத் தூக்கட்டும். என் மூட்டைய நான் தூக்குறேன்." கண்டக்டர் என்னைப் பார்த்தார். நான் வேறு ஊர்க்காரன்போல வெளியே கண்மாய்க்கரையைப் பார்த்துக்கொண்டேன்.

இப்படிப்பட்டவருக்கு உடற்பயிற்சி அறை எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். அவர் சொல்லவில்லை. அத்தை சொன்னார்.

அத்தைக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டிருந்தது. இடது கையும் காலும் சொன்னபடி கேட்காது. அதனால்தான் கிராமத்தை விட்டு, பிசியோதெரபிக்கு வசதியாக ராமநாதபுரத்துக்குக் குடிவந்தார்கள். "கை போச்சு, காலு போச்சு, அதுக்கும் சேத்து நாக்கு வேலை பாக்குது மருமகனே" என்பார். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு, நாற்காலியிலிருந்து குளியலறைக்கு, திரும்ப நாற்காலிக்கு, திரும்பக் கட்டிலுக்கு என்று ஒவ்வொரு முறையும் மாமாதான் தூக்குவார். கோயம்புத்தூரில் இருக்கும் மகள் ஆள் வைத்துக் கொடுத்தாள். வந்த அம்மாவுக்கு மாமா காபி கொடுத்தார், பலகாரம் கொடுத்தார், ஊர் விசாரித்தார், பஸ் ஏற்றி அனுப்பிவிட்டார்.

"நீங்களாச்சும் சொல்லப்படாதா அத்தை?"

"யாரு, நானா? சிலிண்டரையே குடுக்க மாட்டாக. என்னையவா குடுப்பாக?"

சொல்லிவிட்டுச் சிரித்தார். பிறகு சிரிப்பில்லாமல் ஒன்று சொன்னார். ஒரு நாள் கட்டிலிலிருந்து தூக்கும்போது மாமாவின் கால் பாதியில் மடங்கிவிட்டது. விழவில்லை, மாமா சுவரில் முதுகைச் சாய்த்து, அவரை மடியில் வைத்தபடியே, மெல்ல மெல்லச் சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டார். பிறகு எழ முடியவில்லை. வெயில் ஜன்னலிலிருந்து இறங்கிச் சுவரோரம் போகும்வரை இருவரும் தரையிலேயே இருந்தார்கள். "நல்லாத்தான் இருந்துச்சு. பழைய கதையெல்லாம் பேசுனோம். ஆனா ஒங்க மாமா மூஞ்சியப் பாத்தேன். நெல்லு கருகுன வருசம்கூட அப்பிடி ஒரு மூஞ்சி பாத்ததில்ல."

மறு வாரம் அவர் மாடிப்படி ஏறினார். அதுவரை சிகிச்சைக்கு அத்தையைத் தூக்கிக்கொண்டு கீழ்த்தளத்துக்கு வந்தவர், இப்போது தனக்காகவே வந்தார்.

அவர் எதிர்பார்த்தது எளிமையானது. தூக்கினால் பலம் வரும். நிறையத் தூக்கினால் சீக்கிரம் வரும். வரவில்லை. என்னோடு சேர்ந்து அதே பயிற்சியைச் செய்தார். எனக்குச் சில வாரங்களில் கை கொஞ்சம் இறுகியது. தூண்கள் அசையாமல் நின்றன. அவருக்கு ஒன்றுமே நடக்காததுபோல இருந்தது. கையை மடக்கி என்னிடம் காட்டுவார். "பாரு, பழைய வெள்ளரிப்பிஞ்சு மாதிரி அப்பிடியே இருக்கு." நான் விரலால் அமுக்கி, நிபுணன்போல உதட்டைப் பிதுக்குவேன்.

பிசியோ பெண்தான் அவரை உட்கார வைத்துச் சொன்னார். "அய்யா, வயசான தசை காது மந்தமான ஆளு மாதிரி. சின்ன வயசுல ஒரு தடவை கூப்புட்டா ஓடியாரும். இப்ப கூப்புட்டா கேக்கும், ஆனா சட்டுன்னு திரும்பாது. கொஞ்சம் ஒரக்கச் சொல்லணும், திரும்பத் திரும்பச் சொல்லணும், சொல்லிட்டுக் காத்திருக்கணும். அதுக்காகச் செவிடுன்னு மட்டும் நெனச்சுராதீக. எம்பது வயசுக்காரவுகளுக்கும் கேட்டுருக்கு."

"நான் கத்திக்கிட்டேதான இருக்கேன்."

"நீங்க கத்துறீக. காத்திருக்க மாட்டேங்குறீக."

உண்மை அதுதான். ஒரு நாள் விட்டு ஒரு நாள் வரச்சொல்லியிருந்தார் அவர். மாமாவோ நடுவில் விடுபட்ட நாளெல்லாம் வீட்டில் ஒளித்து வைத்து அரிசி மூட்டையைத் தூக்கியிருக்கிறார். அத்தை பார்க்காத இடமாகக் கொல்லைப்புறத்தில். அத்தைக்குத் தெரியாமல் ஒரு ஈகூட அந்த வீட்டில் பறக்காது; சிகிச்சைக்கு வந்த அன்று போட்டுக்கொடுத்துவிட்டார். பிசியோ பெண் இடுப்பில் கை வைத்து நின்றார்.

"நாத்து நட்ட வயல்ல எந்நேரமும் தண்ணிய நிப்பாட்டி வைப்பீகளா அய்யா?"

"அதெப்பிடி? வேரு அழுகிரும். பாய்ச்சணும், காயவிடணும், மறுபடி பாய்ச்சணும்."

"அதேதான். தூக்குற அன்னைக்குத் தசை வளரல. காயவிடுற அன்னைக்குத்தான் வளருது. ஒங்க வயசுக்கு இன்னுங் கொஞ்சம் கூடக் காயணும்."

மாமா வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு உட்கார்ந்தார். விவசாயத்தை வைத்தே மடக்கிவிட்டாளே என்ற வருத்தம் முகத்தில் தெரிந்தது. அன்றிலிருந்து ஓய்வு நாளில் அவர் ஓய்வெடுத்ததைப் பார்க்க வேண்டும். வாசலில் நாற்காலி போட்டு, இரண்டு கைகளையும் மடியில் மலர்த்தி வைத்து, அவற்றையே பார்த்துக்கொண்டிருப்பார். நீர் பாய்ச்சிவிட்டு வயலைப் பார்க்கிறவர் போல. தெருவில் போகிறவர்கள் வணக்கம் வைத்தால்கூடக் கையைத் தூக்க மாட்டார். தலையை மட்டும் அசைப்பார். "காயுது" என்பார்.

சாப்பாடும் மாறியது. ஒரு வேளை மூக்குப்பிடிக்கச் சாப்பிட்டுவிட்டு மற்ற வேளை வெறும் சோறும் ஊறுகாயும் என்றிருந்தவரை, மூன்று வேளையும் பருப்போ முட்டையோ மீனோ இருக்க வேண்டும் என்று பிசியோ பெண் மிரட்டினார். முட்டை அவருக்குப் பிடிக்காது. கண்ணை மூடிக்கொண்டு, விளக்கெண்ணெய் குடிக்கிற மாதிரி விழுங்குவார். அத்தை கட்டிலிலிருந்து, "கோழி பாவம், அதுக்குத் தெரிஞ்சா முட்டையே வைக்காது" என்பார்.

இரண்டு மாதம் போலக் கழிந்து ஒரு காலை, நாற்காலியிலிருந்து அவர் கையூன்றாமல் எழுந்தார். எழுந்தது அவருக்கே தெரியவில்லை. எழுந்து நடந்து ஜன்னல்வரை போனபிறகு திரும்பி, காலியான நாற்காலியைப் பார்த்தார். அதில் இன்னும் யாரோ உட்கார்ந்திருப்பதுபோலப் பார்த்தார். கை பருக்கவில்லை, வெள்ளரிப்பிஞ்சு வெள்ளரிப்பிஞ்சாகவேதான் இருந்தது. "மொதல்ல நரம்புதான் முழிக்கும் அய்யா, சதை அப்பறமா வரும்" என்றார் பிசியோ பெண். பிறகு மூட்டையில் மணல் கூடிக்கொண்டே போனது. அவர் அதைத் தூக்கும் விதத்தில் எந்த முரட்டுத்தனமும் இல்லை. மற்றவர்கள் குண்டைத் தொப்பென்று போடுவார்கள். இவர் மூட்டையைத் தரையில் வைக்கும்போது சத்தமே வராது. வைத்தபிறகும் ஒரு கை அதன்மேல் சற்றுநேரம் கிடக்கும். ஒருமுறை மறுமுனையைப் பிடிக்கலாமென்று நான் குனிந்தேன். ஒரு பார்வைதான். நிமிர்ந்துவிட்டேன்.

நடுவில் ஒரு காய்ச்சல் வந்து படுத்தார். எழுந்தபோது சேர்த்ததெல்லாம் வடிந்துபோயிருந்தது. பாதி மூட்டையைத் தூக்கவே கால் உதறியது. நான் வழக்கம்போல உள்ளுக்குள் அலறினேன். அவருக்கு இப்படியென்றால் எனக்கு ஒரு தும்மல் போதுமே. "வயசாச்சுன்னா போறது வேகமாப் போகும்" என்று பிசியோ பெண் மறைக்காமல் சொன்னார். "ஆனா ஒரு தடவ வந்த வழி அதுக்குத் தெரியும். இந்தத் தடவ இன்னும் சுருக்கா வரும்." மாமா மறுபேச்சுப் பேசாமல் சின்ன மூட்டையிலிருந்து தொடங்கினார். மாசிக் கடைசியில் பழைய இடத்துக்கு வந்துவிட்டார். பங்குனியில் அத்தையின் எடைக்கு மூட்டை கட்டச் சொன்னார். தூக்கினார். அறையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்தார். இலை நிழல்கள் அவர் முதுகின்மேல் ஏறி இறங்கின.

அன்று அவரோடு நானும் வீட்டுக்குப் போனேன். அவர் சொல்லமாட்டார் என்பதால் நான்தான் பெருமையடித்தேன். "அத்தை, இனி கவலையே இல்ல. ஒங்களத் தூக்கிட்டு மாமா மதுரை வரைக்கும் நடப்பாக."

அத்தை ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நல்லதுதான். என்னையத் தூக்கணும், தூக்கணும்னே இம்புட்டு நாளும் பாடுபட்டாக. எனக்கு என்ன வேணும்னு யாருங் கேக்கல."

மாமா தண்ணீர்ச் சொம்போடு நின்றுவிட்டார். "என்ன வேணும் ஒனக்கு?"

"ஒரு நாழியாச்சும் என்னைய யாரும் தூக்காம இருக்கணும்."

மாமா சொம்பைக் கீழே வைத்தார். மின்விசிறி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"சின்னப் பிள்ளையில எங்கூருக் கண்மாயில மல்லாக்கப் படுத்துக் கெடப்பேன் மருமகனே. கை ஆட்ட வேணாம், காலு ஆட்ட வேணாம். மேகம் போகும், நாங் கெடப்பேன். எம் ஒடம்பு யாருக்கும் பாரமா இருக்காது, எனக்கும் பாரமா இருக்காது. அதான் வேணும். பெறகு நீங்க காலம்பூராத் தூக்குங்க, நான் ஒண்ணுஞ் சொல்லல."

கோடையில் கண்மாய் வெடித்துக் கிடந்தது. நடுவில் இருந்த கொஞ்சத் தண்ணீரும் முழங்கால் சேறு. மறுநாள் மாமா என்னிடம் ஒரே வார்த்தை கேட்டார். "கடலு?"

பிசியோ பெண் யோசித்துவிட்டுச் சம்மதித்தார். அலை இல்லாத இடம், காலை நேரம், இடுப்பளவுக்குமேல் போகக்கூடாது, பக்கத்தில் இரண்டு பேர் நிற்க வேண்டும். "உப்புத் தண்ணி கண்மாயவிட நல்லா ஏந்தும்" என்றார். மிதவைச் சட்டை ஒன்று இரவல் வாங்கித் தந்தார். அத்தை அதைத் தொட்டுப் பார்த்து, "இது என்னையத் தூக்க இன்னொரு ஆளா?" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். என் ஓட்டை ஆம்னி வேனில் போவதென்று முடிவானது. அந்த வாரம் முழுக்க நான் தூங்கவில்லை. நீச்சல் தெரியாதவனை இரண்டு பேரில் ஒருவனாக நிறுத்துகிறார்களே என்று யாருக்கும் தோன்றவில்லை. எனக்குச் சொல்லவும் வாய் வரவில்லை.

சித்திரை மாதக் காலை. அரியமான் கடற்கரை. அன்று அது கடலாகவே இல்லை. அகலமான பட்டு ஒன்றை விரித்து ஓரத்தை யாரோ லேசாக இழுத்துப் பார்ப்பதுபோல் கிடந்தது. வானம் எங்கே முடிகிறது, தண்ணீர் எங்கே ஆரம்பிக்கிறது என்று ஒரு கோடும் இல்லை. தூரத்தில் ஒரு மீன்பிடி வள்ளம் ஆகாயத்தில் மாட்டி வைத்ததுபோல் நின்றது. சவுக்குத் தோப்பில் வண்டியை நிறுத்தினோம். சக்கர நாற்காலி மணலில் இரண்டு முழம் போய்ப் புதைந்தது. எதிர்பார்த்ததுதான். மாமா வேட்டியை இறுக்கினார்.

"மாமா, ஒண்ணு சொல்லணும். நான் இங்கன நெறைய ஜோடிகளுக்குப் படம் எடுத்துருக்கேன். ரொம்பத் தூரத்துக்கு முழங்காத் தண்ணிதான். உள்ள போய்க்கிட்டே இருக்கணும்."

"ஏலே, கடலுக்கு நீ அளவு சொல்றியா? கண்மாயிலயே கரையவிட்டு ரெண்டு எட்டு எறங்குனாக் கழுத்து. இது கடலு."

"இல்ல மாமா…"

"நான் தூரம் பாத்து வச்சுட்டேன். தோப்புலருந்து தண்ணி வரைக்கும் நம்ம தெரு நீளம். அம்புட்டுத்தான்."

அந்தத் தெரு நீளத்துக்குத்தான் அவர் மாதக்கணக்காகத் தயாராகியிருந்தார். அத்தையைத் தூக்கினார். மணலில் கால் புதையப் புதைய, மூச்சு சீராக, மூட்டையைத் தூக்கிய அதே நடையில் போனார். தண்ணீர் அவர் பாதத்தைத் தொட்டபோது முகத்தில் ஒரு வெற்றிச் சிரிப்பு. இரண்டு எட்டு வைத்தார். கணுக்கால். இன்னும் பத்து எட்டு. கணுக்கால். அவர் நின்று கடலைப் பார்த்தார். கடல் ஒன்றும் சொல்லவில்லை.

"என்னங்க, இன்னும் வரப்பு மேலயே நடக்குறோமா?" என்றார் அத்தை.

மாமா நடந்தார். நான் பின்னால் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு, பந்து எந்தப் பக்கம் வரும் என்று தெரியாத கோல்கீப்பர்போல ஓடினேன். அடியில் வரிவரியாக மணல், அதன்மேல் வெளிச்சத்தின் வலை. பொடி மீன்கள் எங்கள் நிழலைக் கண்டு விலகின. கெண்டைக்கால். வெகுதூரம் கெண்டைக்கால். திரும்பிப் பார்த்தேன், சவுக்குத் தோப்பு பச்சைக் கோடாகிவிட்டது. முன்னால் பார்த்தேன், வள்ளம் அதே இடத்தில் தொங்கியது. நாங்கள் எங்கேயும் போகவில்லை, தண்ணீர்தான் எங்களுக்குக் கீழே நகர்கிறது என்று தோன்றியது. 'கெண்டைக்கால் தண்ணீரில் வீடியோகிராபர் மூழ்கிச் சாவு' என்று நாளைய செய்தித்தாள் என் தலைக்குள் அச்சாகிக்கொண்டிருந்தது.

முழங்காலுக்கு வந்தபோது மாமாவின் நடை மாறியது. முதலில் முதுகு. பிறகு முழங்கை மெல்லத் தாழ்ந்தது. கால் மணலில் விழும்போதெல்லாம் தண்ணீரில் ஒரு சின்ன நடுக்கம் வட்டமாகப் பரவியது. நின்றார். இறக்கி வைக்க முடியாது. இவ்வளவு தாழ இறக்கினால் நனைந்த சேலையோடு திரும்பத் தூக்க முடியாது என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். திரும்பிக் கரைவரை நடக்கவும் முடியாது. அத்தை அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வாய்க்கு ஓய்வே கொடுக்காத அத்தை அப்போது ஒன்றும் சொல்லவில்லை. திரும்பிப் போவோம் என்றும் சொல்லவில்லை.

அவர் நின்ற நேரத்தை என்னால் சொல்ல முடியாது. கழுத்து நரம்பு புடைத்து, கண் எங்கோ நிலைத்திருந்தது. தன் கைகளிடம் அவர் மறுபடியும் மறுபடியும் கேட்டுக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன். அவை கேட்டன, முடிந்தவரை கேட்டன. அதற்குமேல் இல்லை.

"மாப்ள."

"மாமா."

"அந்தப் பக்கம் பிடி."

எனக்குப் பின்னால் வேறு யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன். சத்தியமாகத் திரும்பிப் பார்த்தேன். கடல்தான் இருந்தது.

"ஒன்னையத்தான்லே. பிடி."

அத்தையின் முதுகுக்குப் பின்னாலும் தொடைக்கு அடியிலும் என் கைகளை நுழைத்தேன். அங்கே மாமாவின் மணிக்கட்டுகள் இருந்தன. நான் அவற்றைப் பிடித்தேன். அவர் என்னுடையவற்றைப் பிடித்தார். கனம் பாதியாக என்மேல் வந்து இறங்கியது. நடுக்கம் அவருடையதா என்னுடையதா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. "ரெண்டு பேரும் முழியப் பாரு, சாமி தூக்குறவுக மாதிரி" என்றார் அத்தை. அவர் குரல் திரும்பிவிட்டதில் எனக்குப் பாதி உயிர் வந்தது. இருவரும் பக்கவாட்டில் நண்டுபோல நடந்தோம். தொடை. தொடைக்கு மேல். ஒரு கட்டத்தில் கனம் கைகளிலிருந்து தானாகக் கழன்றுபோக ஆரம்பித்தது. இடுப்புக்குத் தண்ணீர் வந்தபோது நாங்கள் பிடித்திருந்தது அத்தையையா, வெறும் ஈரச் சேலையையா என்ற சந்தேகமே வந்துவிட்டது.

மெல்ல மல்லாத்தினோம். நான் என் கைகளை எடுத்துக்கொண்டேன். மாமா எடுக்கவில்லை.

"விடுங்க" என்றார் அத்தை.

"விட்டுட்டேன்."

"பொய்யி. முதுகுல சுண்டுவிரல் இருக்கு."

எட்டிப் பார்த்தேன். தெளிந்த தண்ணீர், எல்லாமே தெரிந்தது. இருந்தது.

"ஏங்க."

"ம்."

"விடுங்க."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். விரல் விலகியது.

அத்தை மூழ்கவில்லை. காதுகள் தண்ணீருக்குள் போக, நரைத்த முடி சுற்றிலும் விரிந்தது. வலது கையை ஓரமாக நீட்டினார். இத்தனை காலமும் மார்போடு ஒட்டிக் கிடந்த இடது கையைத் தண்ணீரே கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, அதேபோல் அந்தப் பக்கம் நீட்டி வைத்தது. இரண்டு கைகளும் ஒன்றுபோல் கிடந்தன. எது நல்ல கை என்று அப்போது வந்து பார்ப்பவர் யாரும் சொல்லியிருக்க முடியாது. மேலே மேகம் ஒன்று போய்க்கொண்டிருந்தது.

"இந்தா" என்றார் மாமா. "நல்லாருக்கா?"

அத்தைக்குக் கேட்கவில்லை. அவர் முகத்தில் நாங்கள் இருவருமே இல்லை.

மாமா இடுப்பளவு தண்ணீரில் அப்படியே நின்றார். அவ்வளவு நேரம் கனத்தைத் தாங்கிய கைகள் தண்ணீருக்குள்ளிருந்து தாமாகவே மெல்ல மேலே எழுந்து, உள்ளங்கை மலர்ந்து, அவருக்கு முன்னால் மிதந்தன. கீழே அமுக்கினார். மறுபடியும் எழுந்தன. முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்ப் பார்த்தார், இடுப்பில் ஊன்றிப் பார்த்தார், எங்கேயும் நிற்கவில்லை. கடைசியில் என் பக்கம் திரும்பி, யாருக்கும் கேட்டுவிடக் கூடாதே என்பதுபோலத் தாழ்ந்த குரலில் கேட்டார்:

"மாப்ள, இந்தக் கைய நான் எங்கன வைக்க?"